ஐயுறுதல் தொழிலாகும்போது

பிறரை ஐயுறுதல் தீய குணமென்று சிறு வயது முதலே கற்பிக்கப்படுகிறோம். ஆனால் ஐயுறுவதற்கென்றே ஊதியம் பெறுவோர் இன்று பெரிய வங்கிகளில் உள்ளனர். கணினிப் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர் என்பது அவர்தம் பதவிப்பெயர். இரவும் பகலும் முறைவைத்துத் திரைமுன் அமர்ந்து, இந்நேரத்தில் உள்நுழைந்தவர் யார், இக்கட்டளை எங்கிருந்து வந்தது என வினவுவதே பணி. இதைச் செய்பவரின் உள்ளம் கெடாதிருக்க இயலுமா?

2016 பிப்ரவரியில் நிகழ்ந்ததைக் காண்போம். வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுள் புகுந்த திருடர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த அதன் கணக்கினின்று ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றும்படி, ஸ்விஃப்ட் வழியே 35 கட்டளைகள் அனுப்பினர். டாக்காவில் அச்செய்திகளைத் தாளில் பதிக்கும் அச்சுப்பொறி இயங்கவில்லை. வழக்கமான பழுதென்றே முதலில் கருதினர். நல்லெண்ணம் அங்கே அசட்டையாயிற்று. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலா சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடியோ, பெறுநர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் சொல் பிழைபட்டிருந்தமையால் மீண்டது. ஒரு புள்ளி மாறினால் பொருளே மாறும் அரபு எழுத்தில் பழகியவர்க்கு இது வியப்பன்று. எஞ்சிய கட்டளைகள் தடைப்பட்ட காரணம் இன்னும் விந்தை. மணிலா வங்கிக்கிளை இருந்த தெருவின் பெயரான ‘ஜூபிடர்’, அமெரிக்கத் தடைப்பட்டியலிலிருந்த ஒரு கப்பல் நிறுவனத்தின் பெயரோடு ஒத்திருந்ததாம். ஐயம் தவறானது, பணம் தப்பியது.

அப்படியாயின் எல்லா ஐயமும் நன்றோ? அன்று. பகுப்பாய்வாளர்முன் வரும் எச்சரிக்கைகளுட் பெரும்பாலானவை வெற்றொலிகளே. வெளியூர் சென்ற ஊழியர் புதிய இடத்தினின்று நுழைந்திருப்பார். கடவுச்சொல்லை மறந்தவர் பன்முறை முயன்றிருப்பார். ஹதீஸ் கலை வல்லார், ஒருவரை நல்லவரென மதித்துக்கொண்டே, நினைவாற்றல் குன்றியவரெனின் அவர் அறிவித்ததை ஏற்கத் தயங்கினர். செய்தியை ஐயுற்றனர், மனிதரை இகழ்ந்தாரல்லர். இத்தொழிலும் அவ்வாறே நடைபெறக்கூடும் என்பது என் துணிபு.

கடினமான இடம் வேறு. திருடனின் தடம் தேடுகையில், குற்றமற்ற ஓர் எழுத்தரின் அஞ்சல்கள் திறக்கின்றன. அவர் கடனும் மனைவியின் நோயும் திரையில் தெரிகின்றன. எச்சரிக்கை பொய்யெனக் கண்டபின் கோப்பை மூடிவிடலாம். கண்டது நெஞ்சைவிட்டு அகலுமோ? தாமே கேளாத, அவரும் தாராத ஓர் அமானிதம் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் உணவறையில் அவரை எதிர்ப்படும்போது, எதுவும் அறியாதவர்போல் முகமன் கூறியாக வேண்டும்.