அண்டை வீட்டு வெடியோசை

அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நண்பரைத் தேர்ந்தெடுக்கிறோம், தொழிற்கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கிறோம், சுவருக்கு அப்பால் வாழ்பவர் மட்டும் நமக்கு வாய்க்கிறார். நாமும் அவருக்கு அவ்வாறே வாய்த்தவர்கள் என்பது நம் நினைவில் நிற்பதில்லை. அவர் வீட்டில் இன்று திருநாள். வைகறை நான்கு மணிக்கு முதல் வெடி முழங்குகிறது. நம் வீட்டிலோ இரவெல்லாம் இருமி அப்போதுதான் கண்ணயர்ந்த முதியவர் ஒருவர். அல்லது பிறந்து பத்து நாளேயான பச்சிளங்குழந்தை. நாம் செய்யத்தக்கது யாது? பொறுத்திருப்பதா? போய்க் கேட்பதா? காவல் நிலையத்தின் படியேறுவதா?

தோவாளை போன்ற ஊரில் இந்த வினா கூர்மை பெற்றுவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த அவ்வூர் பூவால் வாழும் ஊர். விடியுமுன்னே பிச்சியும் மல்லிகையும் சந்தைக்கு வந்தாக வேண்டும். ஓணத்துக்கு முந்தைய இரவில் அச்சந்தை உறங்குவதே இல்லை. ஆகையால் அங்கே உறக்கம் என்பது இரவில் எல்லார்க்கும் ஒருங்கே கிட்டுவதன்று. அவரவர் தொழிலுக்கேற்பத் துண்டு துண்டாகக் கிட்டுவது. அங்குத் தொடுக்கப்படும் மாலை கோயிலுக்குப் போகிறது. மாதா கோயிலுக்குப் போகிறது. நம் வீட்டு மணப்பந்தலுக்கும் வருகிறது. வெடியும் அவ்வாறே மதம் பார்ப்பதில்லை. தீபாவளிக்கு வெடி, கிறிஸ்துமஸுக்கு வெடி, புத்தாண்டு நள்ளிரவில் வெடி, கோயில் கொடைக்கு வெடி. நம்மவருள் சிலர் திருமண ஊர்வலத்தில் சரம் கொளுத்துவதும் உண்டு. அதை மறைப்பானேன்?

இதனால் ஓர் ஆபத்தும் விளைகிறது. ஒரு வீட்டார் மறு வீட்டாரிடம் ஓசையைக் குறைக்கச் சொன்னால், அது ஒரு மதத்தார் மறு மதத்தாரின் திருநாளைக் குறை சொன்னதாகக் கடைத்தெருவில் உருமாறிவிடக் கூடும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் குமரி மாவட்டத்துப் பெரியவர்கள், இத்தகைய பேச்சு எழும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடியைச் செய்வதும் விற்பதும் கூடாது என்பது விதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை தரும் வெடிகளைக் கொளுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2018-இல் அது தீபாவளிக்கு இரண்டு மணி நேரமே தந்தது. தமிழக அரசு அதனைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனப் பகுத்தது. நல்ல விதிகளே. எனினும் சட்டம் அளப்பது ஓசையையும் நேரத்தையும் மட்டுமே. அடுத்த வீட்டில் குழந்தை பிறந்திருப்பது அதற்குத் தெரியாது. காலை ஆறரை மணிக்கு, விதி வழுவாமல், அக்குழந்தையின் சன்னலுக்குக் கீழே ஒருவர் வெடி வைக்கலாம். சட்டப்படி அவர் குற்றவாளியல்லர், அயலாராக?

இங்கே நம் முன்னோர் வழியை நோக்குவோம். கூஃபா நகரில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கு அண்டையில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தார். அவர் இரவுதோறும் குடித்துவிட்டு உரக்கப் பாடுவார் என்றும், இமாம் அதனைப் பொறுத்திருந்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. ஓரிரவு அப்பாட்டு கேட்கவில்லை. விசாரித்தால், காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்றிருந்தார்கள். இமாம் தாமே ஆளுநரிடம் சென்று அவரை மீட்டு வந்தார்கள். இக்கதையைச் சொல்லி, ‘ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்துவிடும் உரையாளர்கள் உண்டு. அவ்வளவு எளிதில் முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இமாம் பொறுத்தது தம்முடைய உறக்கக் கேட்டை. அதனைப் பொறுப்பதும் பொறாததும் அவர்களுடைய உரிமை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நடுக்கத்தை அதன் தந்தை ‘பொறுத்துக்கொள்வது’ எவ்வகைப் பொறுமை? அது பிறர் செல்வத்தை எடுத்துத் தருமம் செய்வதை ஒக்கும். தன் நோவைத் தாங்குவது ஒருவனுக்குப் பெருமை. தன் பொறுப்பிலிருப்பவரின் நோவைக் கண்டும் வாயடைத்திருப்பதற்கு வேறு பெயர் உண்டு. பெரும்பாலும் அது கூச்சம், சில வேளை கோழைத்தனம்.

நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தம் அண்டை வீட்டார் தரும் தொல்லையை முறையிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. முதலில் அவருக்குக் கிடைத்த விடை, பொறுத்திருக்கச் சொல்லியதே. மீண்டும் அவர் வந்தபோது, வீட்டுப் பொருள்களை எடுத்துத் தெருவில் வைக்குமாறு பணித்தார்கள். வழிப்போக்கர்கள் காரணம் கேட்டார்கள், செய்தி பரவியது, அண்டை வீட்டார் நாணி வந்து, இனித் தொல்லை தருவதில்லை என வேண்டினார். பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும், எல்லை கடந்தபின்னும் கைகலப்பு இல்லை என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

முறையிட்டவரை எள்ளுவோருக்கு அண்மைக் காலத்துக் கொடிய செய்தி ஒன்றுண்டு. கொல்லம் மாவட்டம் பரவூரில், புற்றிங்கல் கோயிலருகே வாழ்ந்த மூதாட்டி ஒருவர், ஆண்டுதோறும் நடக்கும் வாணவேடிக்கையால் தம் வீடு சேதமுறுவதாக எழுத்து மூலம் முறையிட்டு வந்தார். 2016-இல் மாவட்ட நிர்வாகமும் போட்டி வாணவேடிக்கைக்கு அனுமதி மறுத்தது. ஆயினும் வேடிக்கை நடந்தது. ஏப்ரல் 10 விடியுமுன், வெடி சேமித்திருந்த கட்டடத்தில் தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்கள் அயலாரின் பகைவரல்லர். திருவிழாக் காண வந்த மக்கள்.

ஆனால் எல்லா முறையீடும் அம்மூதாட்டியின் முறையீடு ஆகிவிடாது. நமக்கு நோகிறதா, பிடிக்கவில்லையா என்று நம்மை நாமே கேட்டறிய வேண்டும். இதற்கு ஓர் உரைகல் உண்டு. இதே ஓசை நம் மைத்துனர் வீட்டுத் திருமணத்தில் எழுந்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போயிருப்போமா? ‘இல்லை’ என்று உள்ளம் சொன்னால், நம்மை உறுத்துவது ஓசையன்று, அவருடைய திருநாள். அந்த வெறுப்பைச் செவிநோவு என்று பெயர் மாற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்வது நேர்மையாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு அண்டை வீட்டார் இல்லையா? பாங்கு சில மணித்துளிகளில் முடிகிறது. நள்ளிரவு வரை தெருவெங்கும் குழாய் கட்டி நடத்தும் சொற்பொழிவுக்கு என்ன சமாதானம்? பிறரமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது, சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபை பற்றிய வழக்கில். அதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள், உரக்கக் குர்ஆன் ஓதியவர்களிடம் திரையை விலக்கி, ஓதுதலிலும் ஒருவர்க்கொருவர் தொல்லை தரலாகாது என்று தடுத்தார்கள். இறைமொழிக்கே அந்த வரம்பு!

ஆகவே போக வேண்டியது வெடி முழங்கும் வேளையிலன்று. அப்போது இரு தரப்பும் சூடேறியிருக்கும். பத்து நாள் முன்னதாக, முடிந்தால் வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போகலாம். ‘எங்கள் வாப்பாவுக்கு நெஞ்சு நோய், அண்ணாச்சி, விடிகாலை வெடியை மட்டும் தெருக்கோடியில் வைக்கச் சொல்லுங்கள், மாலையில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தட்டும்’ என்று கேட்கலாம். வெடியை நிறுத்து என்பதற்கும் இதற்கும் எவ்வளவு வேற்றுமை! ஓர் ஊரே இவ்வாறு இசைந்ததுண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடு கட்டிய பறவைகள் மிரளுமென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கேட்டும் இசையாதவரிடம் அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு செல்லலாம். அவரும் அந்த அண்ணாச்சியின் மதத்தவராக இருப்பது நலம். அதற்குப் பின்னரே காவல் நிலையம். அங்கும் மனுவில் நோயாளியின் நிலையையும் வெடித்த நேரத்தையும் எழுதினால் போதும். திருநாளின் பெயரை எழுத வேண்டியதில்லை.