முகப்பில் ஒட்டிய உயிர்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மே, செப்டம்பர் மாதங்களையொட்டி ‘லவ்பக்’ என்னும் கரிய சிறு பூச்சிகள் இணையிணையாகப் பெருந்திரளாய்ப் பறக்கின்றன. வாகனப் புகையும் வெம்மையும் அவற்றை நெடுஞ்சாலைக்கு ஈர்க்கின்றன. வீடு போலவே அமைந்த பயண ஊர்திகளின் அகன்ற முகப்பில் அவை மோதி மடிந்து ஒட்டிக்கொள்கின்றன. வெயிலில் காய விட்டால் வண்ணப்பூச்சு அரிக்கப்படும். ஆதலின் ஈரத்துணியிட்டு ஊறவைத்து, மெல்லத் துடைத்தெடுப்பர்.

துடைத்ததும் வினை தீர்ந்ததா? இதுவே நாம் எண்ணத்தக்கது.

ஈயினம் நாலறிவுயிர் என்பது நம் ஆகமக் கொள்கை. நான்கு முழம் முன்னோக்கி நடக்கும் முனிவரது ஈர்யா சமிதி, ஊர்தியேறும் சிராவகர்க்கு இயலாது. பயணத்தில் நேரும் உயிர்க்கேடு இல்லறத்தில் முற்றும் தவிர்க்கவொண்ணாத ஆரம்ப இம்சையே. எனினும், கொல்லும் எண்ணமில்லை என்று கூறி நாம் அமைதியடைதல் தகாது. விழிப்பின்மையும் இம்சைக்கு வித்தாகும்.

அப்பூச்சிகள் பகலில் பறந்து இரவில் புல்பூண்டுகளில் தங்குவன. ஆயின் இரவிற் சென்றால் விளக்கொளியை நாடி வேறு பூச்சிகள் வந்து மடியும். ஆதலின் நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது. வேகத்தைக் குறைத்தலும், வேண்டாத பயணத்தை விடுதலுமே நம்மால் இயன்ற நோன்பு.

முகப்பைக் கழுவும்போதெல்லாம், அடுத்த பயணம் தேவைதானா என நம்மை நாமே வினவுவோமாக.