உழக்கு எண்ணெய்

செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை அடுத்த எங்கள் வீட்டில், கார்த்திகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தம்பி மகள் அடுக்களையை ஒரு ரசாயனசாலையாக மாற்றிவிட்டாள். ‘ஜெல் வாக்ஸ்’ என்று டப்பாவில் வாங்கி வந்திருந்த அந்தப் பொருள், அப்போது சீவியெடுத்த நுங்கைப் போல நிறமற்று, தொட்டால் துவண்டு, விட்டால் பழைய வடிவுக்கே மீளும் சுபாவத்தோடு இருந்தது. அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி, அடிகனமான பாத்திரத்திலிட்டு, மந்தாக்கினியில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்குகையில் அது சர்க்கரைப் பாகாக இளகிற்று. வேகமாகக் கிளறினால் காற்றுப் புகுந்து குமிழி கட்டிவிடுமாம். அவள் கரண்டியை அசைத்த நிதானத்தை வேறெந்தக் காரியத்திலும் நான் அவளிடம் கண்டதில்லை. மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் வாங்கிய சோழிகளையும் சிறு சங்குகளையும் மணலோடு கண்ணாடிக் குவளையின் அடியில் பரப்பி, திரியை முன்னதாகவே பாகில் தோய்த்தெடுத்து நடுவே நிறுத்தி, குவளையைச் சற்றே சூடாக்கிச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். ஆறின பிறகு பார்த்தால், கடலில் ஒரு சாண் வெட்டியெடுத்து மேஜைமேல் வைத்தது போலிருந்தது.

“பெரியப்பா, இதைச் சாமி ரூம்ல ஏத்தலாமா? பாட்டி கூடவே கூடாதுங்கறாங்க.”

என் தாயாரின் ஆட்சேபம் திரவிய சுத்தியைப் பற்றியது. பசுநெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் இவை தெய்வத்துக்கு உகந்தவை. மண்ணெண்ணெயின் பங்காளியான ஒன்று எப்படி உகந்ததாகும்? பங்காளி என்பது உண்மைதான். இந்த மெழுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குபோல இருப்பது, பெட்ரோலியத்திலிருந்து பிரித்துச் சுத்தி செய்த கனிம எண்ணெய். எஞ்சிய சிறு பங்காகிய பிசின் அந்த எண்ணெயைத் தன் வலைக்குள் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. பச்சைக் குழந்தையின் மேனியில் தடவுவதற்கென்று கடைகளில் விற்கிற எண்ணெயிலும் இந்த இனத்தைச் சேர்ந்தது உண்டென்று சொல்லிப் பார்த்தேன். “குழந்தைக்கும் அதைத் தடவாதே” என்று அம்மா முடித்துவிட்டாள்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களைக் கூட்டிவைத்து ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே பிரகிருதி சாஸ்திரம் முழுவதையும் தொட்டுக்காட்டிய மைக்கேல் பாரடே, சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் ஒரு வளைந்த குழாயை நுழைத்து, அதன் வழியே வெளிவந்த ஆவியை மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். மெழுகு மெழுகாகவே எரிவதில்லை. திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. நெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் இதில் பேதமில்லை. இரண்டும் தத்தம் ஸ்தூல ரூபத்தைச் சுடரின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகின்றன. ஆகவே திரவியத்தைப் பற்றிய வழக்கில் நான் பேத்தியின் கட்சி. ஆனால் அங்கிருந்துதான் எனக்கு வேறொரு சந்தேகம் கிளம்பிற்று.

ஒரு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. அந்திக்கு ஏற்றிய சுடரும் விடியலில் எரிகிற சுடரும் ஒன்றுதானா? கண்ணைக் கேட்டால் ஒன்றே என்கிறது. யுக்தியோ, கணந்தோறும் புதிய எண்ணெயும் புதிய திரிநுனியும் செலவாவதால் கணந்தோறும் சுடரும் வேறே என்கிறது. பௌத்தர்கள் க்ஷணிக வாதத்துக்கு இந்தச் சுடரை எடுத்துக்கொண்டார்கள். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த ராமாநுஜர், பிரத்யட்சத்தை அநுமானம் வெல்லுமா என்ற விசாரத்தில், தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதே சுடரைக் கையிலெடுக்கிறார். சுடர் வெறும் பிரவாகமென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ‘இந்த விளக்கு’ என்று நாம் சுட்டுகிற ஒருமை எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு விடை மாமல்லபுரத்துப் பாறைமேல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர்மேலே, சிகரத்தை இழந்து மொட்டையாக நிற்கும் பல்லவர் காலத்துச் சிவாலயத்தை ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் என்று புத்தகங்கள் எழுதும்; ஊரார் உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்பார்கள். நாள்தோறும் ஓர் உழக்கு எண்ணெய் வார்த்து அங்கே விளக்கெரித்ததால் வந்த பெயராம். உழக்கென்பது படியில் கால் பங்கு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மரக்கலங்களுக்கு வழிகாட்ட அந்தக் கோயிலையே கலங்கரை விளக்கமாக்கிக்கொண்டார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லால் தனிக் கோபுரம் எழுப்பினார்கள். மூர்த்திக்கு ஏற்றிய இடத்திலேயே மாலுமிக்கும் ஏற்றினார்கள். அந்தப் பெயரில் நிலைத்திருப்பது சுடருமன்று, எண்ணெயுமன்று, ஓர் அளவு.

சோழர் கல்வெட்டுகளும் இதே உழக்கைத்தான் பேசுகின்றன. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையனிடம் ஒப்புவிப்பார்கள். அவன் நிசதம் உழக்கு நெய் அளக்கக் கடவன். அந்த ஆடுகளுக்குச் சாசனம் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு மூப்படையாமலும் சாகாமலும் இருக்குமா? ஒவ்வோர் ஆடும் மூத்தது, செத்தது; குட்டி போட்டதால் மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. தர்க்க நூல் வாசித்தறியாத ஓர் இடையன், கணந்தோறும் அழியும் சுடரை, தலைமுறைதோறும் அழியும் ஆட்டைக்கொண்டு நித்தியமாக்கினான் என்பதை நினைக்கும்போது, சாஸ்திரகாரர்களின் விவாதம் அத்தனையும் அவன் தொழுவத்தில் ஏற்கெனவே தீர்ந்திருந்ததோ என்று எனக்குப் படுகிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமி கரையை அரித்துச் சென்றபின் வெளிப்பட்ட முருகன் கோயிலின் தூணொன்றில், வசந்தனார் என்ற பிராமணப் பெண் விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்த செய்தி இருக்கிறது. இத்தகைய அறங்களில் பொன் முதலாக நிற்கும், வட்டியாகிய பலிசையே எண்ணெயாகும். கடல் கோயிலை மணலில் புதைத்தபோது சுடர் போயிற்று. அளப்பவர் கையும் போயிற்று. அளக்கவேண்டும் என்ற வாக்கு மட்டும் கல்லில் கிடந்தது.

மாமல்லபுரமாகிய கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதி விளக்கேற்றுவதில்தான் தொடங்குகிறது. அந்த விளக்கில் தகளியோ நெய்யோ திரியோ எதுவும் கடையில் வாங்கக்கூடியதன்று. அம்மாவுக்கு அது மனப்பாடம். ஆயினும் நல்லெண்ணெயை விடமாட்டாள்.

ஆகையால் ஜெல் விளக்கிடம் நான் காணும் குறை அதன் குலத்தைப் பற்றியதன்று. தனக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே வயிற்றில் வாங்கிக்கொண்டு, இனி யார் தயவும் வேண்டாமென்று அது எரிகிறது. ஊற்றவேண்டாம், திரி தூண்டவேண்டாம். அழகாக, தனியாக, தீர்ந்துபோகும். நாளைக்கு வா என்று அது யாரையும் கூப்பிடுவதில்லை. “திண்ணையில் ஏற்று, சாமி அறை பாட்டியுடையது” என்று அவளுக்குத் தீர்ப்புச் சொல்லி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கார்த்திகை கழிந்து சில நாள் அவள் அதை அந்தியில் ஏற்றிவந்தாள். அரை அங்குலம் மிஞ்சியதும் அணைத்துவிட்டாள். கற்பூரம்போல மிச்சமின்றி எரிய இதை விடக்கூடாதாம். அடிவரை எரிந்தால் சூடு தாங்காமல் குவளை விரிந்துவிடும். மறுநாள், மிஞ்சியதைக் கரண்டியால் வழித்தெடுத்து, சோழிகளைத் துடைத்து வைத்து, புதிதாக நறுக்கிய துண்டுகளோடு அதையும் பாத்திரத்திலிட்டு அடுப்பில் ஏற்றினாள். அந்தப் பக்கமாக வந்த அம்மா நின்றாள்.

“பழசையும் சேத்தா ஊத்தறே?”

“ஆமா பாட்டி. உருக்கினா மறுபடியும் புதுசுதான்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாகு இளகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.