கோணமலையின் மௌனம்

1622-இல் போர்த்துக்கேயர் இடித்த திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தின் தூண்களும் கற்களும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிடந்த சுவாமி மலையடி நீராழத்துள், 1956-ஆம் ஆண்டில் மூழ்கி இறங்கியவர்களுள் ஒருவர், செயற்கைக்கோள்களின் வாயிலாக உலகெங்கும் செய்தி பரப்பலாமென்று 1945-இலேயே எழுதிய ஆர்தர் கிளார்க் என்பது என் சிந்தையை விட்டு அகலாத விஷயம். யந்திர யுகத்தின் தீர்க்கதரிசியாகிய அவர், சுவாசக் கருவியை முதுகில் சுமந்துகொண்டுதான் அந்த ஆழத்தின் நிசப்தத்தை அடைந்தார். ஆகவே, யந்திரம் சித்த சாந்திக்குச் சத்துரு என்று ஒரேயடியாகக் கூறிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும், வழியிலுள்ள கோட்டை வாயிலில் நுழைந்து, மான்கள் மேயும் மரநிழலைக் கடந்து, அம்மலைமேல் இன்றுள்ள ஆலயத்துக்கு ஏறி வருவோரில் பலர், இராவணன் வெட்டு எனும் பாறைப் பிளவின் விளிம்பில் நின்று, கீழே பாறையில் அலை மோதிச் சிதறுவதைக் கண்ணாரக் காணுமுன்னே கைபேசியில் படம்பிடித்து அனுப்பிவிடுகிறார்களே, அதுதான் என்னை வருத்துகிறது. பாதரட்சையைக் கழற்றும் இடத்திலேயே கைபேசியையும் வைத்துவிட்டு, ஒரு நாழிகை அங்கே அமர்ந்திருப்பதை ஆலய நியமங்களுள் ஒன்றாகச் சேர்த்தால், அதை மனமார வரவேற்பேன்.