உட்காரும் இடத்தின் பிழை

சென்னையில் இன்று எத்தனையோ பாட்டுகள் மிக்ஸ் ஆவது பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைகளில்தான். மேசைமேல் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள், எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் கிக் டிரம் போதவில்லை என்று இரண்டு டெசிபல் ஏற்றுகிறார். குறை டிரம்மிலா, அறையிலா? அந்த நாற்காலியில் இருந்தபடி அவரால் சொல்ல முடியாது.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர். அந்த நீளத்துக்குள் அரை அலை கச்சிதமாக அடங்குவது 47 ஹெர்ட்ஸில். அந்த ஒலி சுவரோரம் குமுறும். அறையின் நடுப்பகுதியில் ஏறக்குறைய காணாமலே போகும். அகலமும் உயரமும் பத்துப் பத்து அடியாக அமைந்துவிட்டால், இரண்டும் 56 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்ளும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டுச் சுவர் தானும் சற்று அதிர்ந்து, கனத்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்ததில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புபவை. வெளிநாட்டு அறைக்குச் சொன்ன யோசனையை நம் அறையில் அப்படியே செய்துவிட்டு, பேஸ் ஏன் இன்னும் அடங்கவில்லை என்று திகைப்பவர்களுக்கு இது ஒரு காரணம்.

ரூம் கரெக்‌ஷன் மென்பொருள் நுழைவது இங்கேதான். எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் கேட்கும் அளவு மைக்கை நாற்காலியில் தலை இருக்கும் உயரத்திலும், அதைச் சுற்றிச் சில இடங்களிலும் நிறுத்துவார்கள். கீழிருந்து உச்சிவரை வழுக்கி ஏறும் ஓர் ஒலியை ஸ்பீக்கர் எழுப்பும். எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று திரையில் ஒரு கோடு விழும். சோனார்வொர்க்ஸ், டிராக், ஜெனலெக்கின் ஜிஎல்எம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். அளந்து பார்க்க மட்டும் என்றால் இலவசமான ரூம் ஈக்யூ விஸார்ட் போதும். தன் அறையின் கோட்டை முதல் தடவை பார்ப்பவருக்கு அது சாதாரண அனுபவமாக இருக்காது. நல்ல ஸ்பீக்கர் வாங்கியிருப்பார். கோடோ பத்து டெசிபலுக்கும் மேல் ஏறி இறங்கும். இத்தனை நாள் நம்பிய காதுக்குச் சேர்ந்தது இதுதான்.

அந்தக் கோட்டின் மேடுகளை, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை அங்கே குறைத்து, மென்பொருள் நன்றாகவே தணிக்கும். பள்ளத்தில்தான் அது தோற்கிறது. அந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. பள்ளம் என்பது ஒலி குறைந்த இடம் அல்ல. நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். ஸ்பீக்கரை ஏற்றினால் திரும்பி வருவதும் கூடவே ஏறும். 6 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு திறனைக் கொட்ட வேண்டும். கொட்டினாலும் அந்த நாற்காலியில் வெறுமைதான், மூலையில் மட்டும் இரைச்சல். அதற்கு வழி நாற்காலியை நகர்த்துவது, ஸ்பீக்கரை நகர்த்துவது, மூலையில் ஒலியை விழுங்கும் கனமான ராக்வூல் வைப்பது. இருக்கும் மிகையை இருந்த இடத்திலிருந்தே குறைத்துக்கொள்ளலாம். இல்லாமற்போனதைக் கேட்க வேண்டுமானால் இடம் மாறியாக வேண்டும்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. பிளக்-இன்னாகப் போடும்போது திருத்தம் மாஸ்டர் சேனலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். பாட்டை ஃபைலாக எடுக்கும்போது அதை அணைத்தாக வேண்டும். மறந்தால், இந்த அறையின் 47 ஹெர்ட்ஸ் மேட்டுக்காக வெட்டிய வெட்டு பாட்டோடு போய், அந்த மேடே இல்லாத வீடுகளில் ஓட்டையாக ஒலிக்கும். ஆக அந்த மென்பொருள் பாட்டைத் தொடவே இல்லை. அது திருத்துவது தீர்ப்புச் சொல்லும் இடத்தை. துலாக்கோலைப் போல: தட்டில் எதையும் வைப்பதற்கு முன்பே தான் சமனாக நிற்க வேண்டும்.

அறை ஒலியியலைத் தொடங்கிவைத்த வாலஸ் சபைன் இதை நன்கு அறிந்தவர். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் எதிரொலி அடங்காமல் போக, இரவுகளில் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து வைத்து, ஓர் ஆர்கன் குழலும் கடிகாரமும் தன் காதுமாக அளந்தார். தான் உடுத்தியிருந்த உடை மாறினாலே அளவும் மாறுகிறது என்று ஒரு கட்டத்தில் கண்டார். துணியும் ஒலியை விழுங்குகிறதே. ஆயிரக்கணக்கான அளவீடுகளை ஒதுக்கிவிட்டு, அதன்பின் ஒரே விதமான உடையில் மறுபடி தொடங்கினார். அளப்பவரும் அறையில் ஒரு பொருள் என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த அளவுகள் நின்றன.

பாட்டைக் கேட்கப்போகிறவர் யாரும் திருத்திய அறையில் இல்லை. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டிலும், சமையலறை அலமாரியில் சாய்த்துவைத்த ஃபோனிலும், கல்யாண மண்டபத்தின் தகரக் கூரைக்கடியிலும் அவர்கள் கேட்பார்கள். அந்த இடங்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எதையோ கூட்டும், எதையோ மறைக்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அவர்கள் காதில் விழுவதில் என் படுக்கையறைச் சுவரும் சேர்ந்து வரவேண்டிய நியாயம் எதுவும் இல்லை. கிக் டிரம்மை ஏற்றக் கை போகும்போது முதலில் நாற்காலியை ஓரடி முன்னே இழுத்துக் கேட்பது அவர்களுக்காகத்தான்.