பதவிக் காலமும் தர்மக் கணக்கும்

ஒருவன் செய்யும் தர்மத்தை அவனுடைய மனத்தூய்மையைக் கொண்டு மதிப்பதா, பிறர் அடையும் பயனைக் கொண்டு மதிப்பதா என்பது பழைய கேள்வி. பெருங்கம்பெனிகள் ஆண்டுதோறும் தங்கள் சமூகப் பொறுப்பைக் குறித்து வெளியிடும் அறிக்கைகளைப் படிக்கையில் அக்கேள்வி மீண்டும் எழுகிறது. ஏனெனில், கையொப்பமிடும் நிர்வாகி தம் உத்தியோக வாழ்வின் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, அவர் எதை விரித்துரைக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதும் மாறக்கூடும்.

புதிதாகப் பதவியேற்றவருக்குத் தம் யோக்கியதையைப் பங்குதாரர்களுக்கு மெய்ப்பிக்கும் அவசரம் உண்டு. ஆகவே, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்ததும் கண் சிகிச்சை முகாம் நடத்தியதும் படங்களோடு முன்னே வர, பத்தாண்டு கழித்துப் பலன் தரும் ஏரிச் சீரமைப்பு பின்னே தள்ளப்பட்டுவிடலாம். ஓய்வை நெருங்கியவருக்கோ, பலனைத் தாம் காணப்போவதில்லை என்ற அலட்சியம் ஒருபுறமும், பெயர் நிலைக்கவேண்டும் என்ற தாகம் மறுபுறமும் சபலங்களாக நிற்கின்றன.

அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, 1868 டிசம்பரில், தமது 33-ஆம் பிராயத்தில், நியூயார்க்கில் தாம் தங்கியிருந்த ஹோட்டலில் அமர்ந்து, ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் தேடுவதில்லை என்றும், மிஞ்சுவதை நற்காரியங்களுக்குச் செலவிடுவதென்றும், 35 வயதில் தொழிலை விட்டுவிடுவதென்றும் தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஆனால் அவர் தொழிலை விற்று விலகியது 1901-இல், தமது 65-ஆம் பிராயத்தில். இடையில், 1892-இல், அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தகராறில் உயிர்கள் மாண்டன. பின்னாளில் அவர் பொருளால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்நிலையங்கள் எழுந்தன. அவற்றில் படித்து உயர்ந்தவர்களுக்கு அவை மெய்யான நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும், உலைக்கு முன்னே நாளெல்லாம் வெந்தவனுக்குச் சேரவேண்டிய நியாயத்தை, பிற்காலத்து நூல்நிலையம் எதுவும் ஈடுசெய்துவிடாது.

இதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர். வள்ளுவர் ஈகையையும் புகழையும் இல்லறவியலிலேயே வைத்தார்; துறவறம் அவற்றுக்குப் பின்னே வருகிறது. பொருள் தேடும் பருவமே கொடுக்கும் பருவமும் ஆகும். அந்திமக் காலம் பற்றை விடுவதற்குரியதேயன்றிப் பெயரைத் தேடுவதற்குரியதன்று.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தை உற்று நோக்கினால், இதற்கிசைந்த ஓர் உண்மை அதனுள் பொதிந்திருக்கக் காண்கிறோம். குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதமாவது சமூகக் காரியங்களுக்குச் செலவிடவேண்டும். செலவிடத் தவறினால் காரணத்தை டைரக்டர்கள் தம் அறிக்கையில் சொல்லவேண்டும். நிர்வாக டைரக்டரையோ ஒரு தடவையில் ஐந்தாண்டுக்கு மேல் நியமிக்கக்கூடாது. எனவே, புதியவர் முதலாண்டில் வழங்குவது முன்னவர் காலத்து லாபத்தின் பங்கு. விலகுகிறவர் கடைசியாக ஈட்டிய லாபத்தின் பங்கை வழங்குபவர் அவருக்குப் பின் வருபவர். அப்படியிருக்க, இந்தக் கொடையை என்னுடையது என்று எவர் உரிமை கொண்டாட முடியும்?

காந்தியடிகள் போதித்த தர்மகர்த்தா தத்துவத்தின் சாரம் இதுவே. கோயில் நிலத்து நெல்லை அளந்து கொடுக்கும் தர்மகர்த்தா, அதைத் தன் தானமென்று கல்வெட்டில் பொறிக்க மாட்டான். வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு, நின்றுபோனது இன்னது என்று கணக்கொப்பிப்பதே அவன் கடமை. நிர்வாகியின் அறிக்கையும் அவ்வாறே இருக்கவேண்டும். தமக்கு முன்னிருந்தவர் தொடங்கியதை அவர் பேராலேயே குறிப்பதும், தாம் முடிக்காததை மறைக்காமல் சொல்வதும், தம் காலத்தில் பலன் தராத காரியத்துக்கும் இன்றே பொருள் ஒதுக்குவதும் அதன் இலக்கணங்கள். மனத்தின் தூய்மையைச் சட்டம் அளக்க இயலாது. ஆனால் கீர்த்தியில் பற்றற்றவன் எழுதும் கணக்கு, அவன் பதவியின் முதலாண்டிலும் கடைசியாண்டிலும் ஒரே உண்மையைச் சொல்லும்.