விதி என்று யார் சொல்லலாம்?

சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லாரிக்கும் பைக்குக்கும் உதிரி பாகம் கடையும் கம்பெனி. ஒரு பாகம் அளவு தப்பித் திரும்பி வந்தால் 'ஒய்-ஒய்' போட்டாக வேண்டும். ஏன் தப்பியது, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுத வேண்டும். இரண்டு பதில்கள் அங்கே செல்லாது. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். 'நேரம் சரியில்லை' என்று எழுதினால் சிரிப்பார்கள். வாழ்நாளெல்லாம் இப்படிப் பழகியவனைக் கொண்டுபோய், பெற்ற தாய்க்கும் அவள் கொடுத்துவிட்ட மகளுக்கும் நடுவில் மொழிபெயர்க்க உட்கார வைத்தால், விதி என்ற பேச்சு அவன் காதில் வேறு மாதிரிதான் விழும்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் எங்கள் ஊர்வாகுதான். ஓசூர்க்காரனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீசில் தமிழ். ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களோடு மாரடித்ததில் ஆங்கிலமும் ஒட்டிக்கொண்டது. வந்த பெண் ஹாலந்தில் வளர்ந்தவர், நாற்பதைத் தாண்டியவர். எண்பதுகளின் நடுவில் கைக்குழந்தையாகப் போனவர். கையில் ஒரு ஃபைல். அதில் ஒரு கைரேகை, எழுத்துப் பிழையோடு ஓர் ஊர்ப் பெயர். ஊர் கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம், ராகிக் காடும் இப்போது பசுமைக்குடில் ரோஜாவுமாக இருக்கிற பக்கம். அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை.

அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மறுத்துத் திண்ணையிலேயே இருந்தார். அழுது முடித்து முகம் துடைத்ததும் மகளின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "காது யாரு குத்தினது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பதினாலு வயதில் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் குத்திக்கொண்டதாக மகள் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்றிருந்த தன் தம்பியைப் பார்த்தார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்த வேண்டிய காது. அந்த மனிதர் ஏதோ தன் மேல் குற்றம் வந்துவிட்டதுபோலத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மகளுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏன்? நான் தெலுங்கில் கேட்டேன். அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். முதல் இரண்டும் பெண். மூன்றாவதும் பெண். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை என்று போய்விட்டு எப்போதாவது வருவார். மழை இல்லை. மாமியாருக்குத் தெரிந்த ஒரு ஆள் வந்தார், படிக்க வைப்பார்கள் என்றார், ரேகை வைக்கச் சொன்னார்கள். "படிச்சிட்டு வந்துடும்னு சொன்னாங்க சாமி. இத்தனை வருஷமாவா படிப்பாங்க?" சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் தலையில அப்படி எழுதியிருக்கு" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு பிறந்த மகன் பைக்கில் வந்து இறங்கியது அப்போதுதான். விவரம் கேட்டுவிட்டு அவரும் அதையே சொன்னார். "எல்லாம் விதி சார். இங்க இருந்திருந்தா அக்கா இன்னைக்கு ரோஜாத் தோட்டத்துல கூலிக்குத்தான் போயிருப்பாங்க. சாமி நல்லதைத்தான் செஞ்சிருக்கு."

தாய் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். மகன் சொன்னதை மொழிபெயர்க்க எனக்கு மனசே வரவில்லை. இரண்டு பேரும் சொன்னது ஒன்றேதான். அப்படியிருக்க ஒன்று ஏன் பிரார்த்தனை போலவும் இன்னொன்று ஏன் கணக்கு முடித்த ரசீது போலவும் எனக்குப் பட்டது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சண்டை நமக்குப் புதிது இல்லை. எல்லாம் நியதிப்படிதான் நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற ஆசீவகர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நீலகேசி என்ற சமண நூல் அவர்களோடு வாதாடுவதற்கென்றே ஒரு சருக்கம் வைத்திருக்கிறது. எல்லாமே முன்பே நிச்சயிக்கப்பட்டது என்றால் கொலைகாரனையும் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர்களை நோக்கி எப்போதும் வீசப்படும் கல். திருவள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரம் கொடுத்தார், 38-வது. அத்தோடு அறத்துப்பால் முடிகிறது. பொருட்பாலில் 62-வது அதிகாரம் ஆள்வினையுடைமை, விடாமுயற்சி. முரண்படுகிறாரே என்று உரைகாரர்களிலிருந்து பட்டிமன்றப் பேச்சாளர்கள் வரை பேசியாகிவிட்டது. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊழ் என்பது ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூடிய விளக்கம். அடுத்தவருக்கு நாம் செய்ததற்கு, அல்லது செய்து நமக்கு லாபமாக முடிந்ததற்கு, அதை விளக்கமாகக் காட்ட முடியாது.

வள்ளுவரைப் பெற்றவர்கள் என்று சொல்லப்படும் ஆதி, பகவன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது பகவன் போட்ட நிபந்தனை. ஏழு பிள்ளைகள். ஒவ்வொன்றையும் விட்டுவிட்டுப் போக முடியாமல் ஆதி தவிக்கும்போது, பிறந்த குழந்தையே வாய் திறந்து, படைத்தவன் பார்த்துக்கொள்வான், நீ போ என்று ஆறுதல் பாட்டுப் பாடுகிறது. கதை பிற்காலத்தது. சங்ககாலப் புலவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். இருக்கட்டும். இதைக் கட்டியவர் பெரிய ஆள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்ற பேச்சைப் பகவன் வாயில் வைக்கவில்லை பாருங்கள். வைத்திருந்தால் அவனை நாம் சும்மா விடமாட்டோம். குழந்தையின் வாயில் வைத்ததால் ஆதிக்கு மன்னிப்புக் கிடைக்கிறது, பகவனிடம் யாரும் கேள்வி கேட்காமலும் போகிறார்கள். இந்த இரண்டாவது வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

கபிலர் அகவல் என்ற நூல் இதே கதையை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. அந்தணர் வளர்த்த கபிலர், பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்வோரிடம் வாதாடும்போது தன் உடன்பிறந்தவர்களின் பட்டியலை எடுத்து வைக்கிறார். உப்பை வண்ணார் வீட்டில், ஔவை பாணர் வீட்டில், வள்ளி குறவர் மலையில், வள்ளுவர் மயிலையில் பறையர் வீட்டில், அதிகமான் அதிகமான் வீட்டிலேயே. அதிகமான் என்றால் தகடூர், இன்றைய தர்மபுரி. 2004 வரை நாங்களும் அந்த மாவட்டம்தான். சாதியை உடைக்கும் நூலாகவே இதைப் படித்திருக்கிறேன். அந்த ஃபைலைப் பார்த்த பிறகு வேறொன்று கண்ணில் படுகிறது. விட்டு வந்த ஏழு பிள்ளைகளும் எந்த ஊரில் யார் வீட்டில் வளர்ந்தார்கள் என்ற விலாசம் அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் இருந்திருக்கிறது.

விவிலியத்தில் மோசேயின் சகோதரியும் நாணல் பேழைக்கு என்ன ஆகிறது என்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா? குர்ஆனின் 33-வது அத்தியாயம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்கிறது. கிருஷ்ணகிரியில் என் நண்பர் ஒருவர் இதை வைத்துத்தான் தன் அண்ணன் மகனை வளர்த்தார். பள்ளிச் சான்றிதழில் அண்ணன் பெயர், பசித்தால் இவர் வீடு. நம் ஆண்டாள் கதையில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார், அவள் பூமாதேவியின் அவதாரம் என்று சொல்லிவிட்டோம். பூமாதேவி என்றான பிறகு, அந்தச் செடியடியில் விட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்க இடமே இல்லை.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விஷயத்தில் அந்த விலாசத்தையே பொய்யாக்கியிருந்தார்கள். சில இடங்களில் கோர்ட்டில் வந்து நிற்பதற்குக் கூலிக்குத் 'தாய்' பிடித்தார்கள். வளர்ந்து தேடிப் போனவர்கள், காகிதத்தில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்துக் கட்டிப் பிடித்து அழுது, டிஎன்ஏ பார்த்தால் ஒட்டவில்லை. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது, விசாரணைக் குழு சொன்ன முறைகேடுகளால். நம் பக்கம் 1984-ல்தான் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி வெளிநாட்டுத் தத்துக்கு வரைமுறை வகுத்தார். இன்றைய விதிப்படி கையெழுத்துப் போட்ட தாய்க்கு மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு. திண்ணையில் இருந்த அந்த அம்மாவுக்கு அப்படி யாரும் ஒரு நாள்கூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

தொட்டில் குழந்தைகளை நினைத்தால்தான் எனக்குப் பேச்சு வருவதில்லை. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் இன்றைய தர்மபுரி மாவட்டப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000-க்குப் பெண் குழந்தைகள் 826. கள்ளிப்பாலுக்குத் தொட்டில் மேல் என்று யாரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொட்டிலில் போட்டுவிட்டு யாரும் பெயர் எழுதிவிட்டுப் போவதில்லை. முதலில் போட்ட பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

கிளம்பும்போது பைக்கில் வந்த அந்தத் தம்பி என்னைப் புளியமரத்தடிக்கு ஒதுக்கிக் கூட்டிப்போனார். "சார், தப்பா நினைக்காதீங்க. அக்காவுக்கு நிலத்துல பங்கு வருமா?" ஒன்றரை ஏக்கர். பக்கத்தில் புது ரோடு வருகிறது. கம்பெனிகள் சூளகிரி வரை வந்துவிட்டன, ஏக்கருக்குக் கோடிக் கணக்கில் பேசுகிறார்கள். 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டு உறவு அற்றுவிடும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அறாது. பிறந்த வீட்டில் யாரைக் கட்டக்கூடாதோ அவரைக் கட்டக்கூடாது. சொத்துக்கு இல்லாத ரத்தம் அங்கே மட்டும் இருக்கும். பழைய தர்மசாஸ்திரத்தில் இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருந்து, இரண்டு பக்கமும் பிண்டம் வைத்து, இரண்டு பக்கமும் சொத்து வாங்குகிற ஒரு வகைத் தத்தே உண்டு. அதற்கு துவ்யாமுஷ்யாயணன் என்று வாயில் நுழையாத பெயர். அது வழக்கொழிந்துவிட்டது. மேலும் அந்தக் காலத்தில் வெளிநாடு போன பிள்ளைகள் பெரும்பாலும் 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் உத்தரவு வாங்கிப் போய் அந்த நாட்டில் தத்தானவர்கள். அது வேறு கதை. வக்கீலைக் கேளுங்கள், ஆனால் அக்கா அதற்கு வரவில்லை என்றேன்.

அவரைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை. ராகிக் காடு கோடியானால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அக்காவைக் கொடுத்ததற்கு விதி, நிலத்துக்குச் சட்டம். நிலமும் சாமி எழுதினபடி போகட்டும் என்று அவர் விடவில்லை. அம்மாவிடம் எதுவும் மிச்சமில்லை, காப்பாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 'ஒய்-ஒய்' கணக்கில் சொன்னால் ரேகை வைத்தவர் ஆபரேட்டர். வறட்சி, வரதட்சணை, வராத புருஷன், மாமியார், வந்த ஆள், வாங்கிய காப்பகம், கையெழுத்துப் போட்ட ஆபீசு என்று மேலே மேலே போகும் ஏன்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாரும் பேசாமல் இருக்க, அவர் ஒருவர்தான் தன் தலையைக் காட்டினார். அவர் சொல்லலாம். மகளும் சொல்லலாம், தோன்றினால். அன்று அவருக்குத் தோன்றவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆனால் பரவாயில்லை என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. ஆதியின் குழந்தை மாதிரி பாடாதது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி.

மறுநாள் எல்லாரும் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனோம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார் குருக்கள். மகள் ஃபைலில் இருந்த மே மாதத் தேதியைச் சொன்னார். அம்மா குறுக்கிட்டார். "மே மாசமா? இங்க தேர் இழுத்த மறுநாள் விடிகாலையில பொறந்தா. தேருக்குப் போன மாமியார் திரும்பி வரும்போது எனக்கு வலி." ஓசூர்த் தேர் மாசி, பங்குனி வாக்கில், பௌர்ணமியை ஒட்டி வருவது. குருக்கள் போனில் பஞ்சாங்க ஆப்பைத் திறந்து அந்த வருஷத்தைத் தேடி, உத்திரம் என்றார். கோத்திரம் தெரியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது சிவ கோத்திரம். காப்பகத்தில் யாரோ உத்தேசமாகப் போட்ட தேதியில்தான் அந்தப் பெண் இத்தனை வருஷம் கேக் வெட்டியிருக்கிறார். "அப்போ எனக்கு ரெண்டு மாசம் வயசு கூடிடுச்சு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு மகள்களின் நட்சத்திரத்தையும் குருக்களிடம் சொல்லி அர்ச்சனையைத் தொடரச் சொன்னார்.

தம்பி போன வாரம் எனக்குப் போன் செய்தார். "சார், அக்கா ஊருல இப்ப மணி என்ன?" நிலத்துக்கா, நலம் விசாரிக்கவா என்று நான் கேட்கவில்லை. நம்ம மணியில் மூன்றரை மணி நேரம் கழித்துக்கொள், குளிர்காலத்தில் நாலரை என்றேன்.